நந்திதுர்க் வீட்டின் பின்னறை ஃபோன்

ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் தேட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். ஃபைபர் வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தது. செம்புக் கம்பி லைனை எல்லாம் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வீடு கண்ணாடி இழையைக் கொண்டுவந்து, முன்னறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதில் ஒரு ஃபோனைச் செருகி, "டோன் வருது பாருங்க" என்று காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் வீட்டுக்காரர் படுக்கையறை ஃபோனை எடுத்துப் பார்ப்பார். அது செத்துக் கிடக்கும். உடனே, "அந்த ரத்தினத்தைக் கூப்புடு" என்பார். முனிரத்தினம் என்பது என் முழுப்பெயர். வேலைக்காலம் முழுக்கக் கோலார் தங்கவயலில் தெருத்தெருவாக ஏணி தூக்கிய டெலிபோன் மெக்கானிக்.

எல்லாருக்கும்தான் கையில் ஒரு மொபைல் இருக்கிறதே, உள்ளறை ஃபோன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பதில் கட்டிலில் படுத்திருக்கும்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய வயர் சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கும். புதுப் பெட்டியின் ஃபோன் துளையிலிருந்து ஒரு சின்ன வயரை எடுத்து அந்தப் பழைய வயரோடு சேர்த்தால் எல்லா அறையிலும் டோன் வந்துவிடும். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால், வெளியே கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் பழைய லைனை அறுத்துவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து அதில் இன்னும் கரண்ட் வந்துகொண்டிருந்தால், அது புதுப் பெட்டிக்குள் பாய்ந்து அதைப் பொசுக்கிவிடும். அவசரக்காரர்கள் இதை மறந்துவிட்டு, பெட்டி மட்டம் என்று கம்பெனியைத் திட்டுவார்கள். இன்னொன்று, மணி. பழைய ஃபோன்களுக்குள் நிஜ மணி இருக்கும், சுத்தியல் இருக்கும். எக்ஸ்சேஞ்சு ஒரு வீட்டில் அப்படி நாலு மணியை அடிக்கும். இந்தப் பெட்டிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஒரு மணியை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட வேண்டும். எதை வைப்பது என்று வீட்டில் சண்டையே நடக்கும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் மாசிலாமணி சார். பயிற்சி என்று எங்கோ கொண்டுபோய் உட்காரவைத்துப் போர்டில் படம் போட்டார்கள். அதில் எனக்கு நினைவிருப்பது சாப்பாடு மட்டும்தான். மற்றதெல்லாம் சாருக்குப் பின்னால் சைக்கிள் மிதித்துக் கற்றது. அவர் லைன் இன்ஸ்பெக்டர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கம்பத்தின் மேல் ஏறி இறங்கினாலும் அழுக்காகாத ஆள். எப்படி என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. எந்த வீட்டிலும் உட்கார மாட்டார். லைன் சரியாகும்வரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ரிசீவரை எடுத்தால் உடனே டயல் பண்ண விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பின்னால் நிற்கிற எனக்குக் கால் கடுத்துவிடும். பிறகு கண்ணைத் திறந்து, "ஜாயின்ட்ல தண்ணி" என்பார், அல்லது, "எலி" என்பார். போய்ப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். "மொதல்ல கேளு, அப்புறம் கைய வெய்யி" என்பது எனக்கு அவர் தினமும் பாடிய பாட்டு.

அவரிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. லைனைப் பழுது பார்க்கிறவன் காதில் ஊர்க்கதை எல்லாம் விழும். சண்டை விழும், சரசம் விழும், அழுகை விழும். என்னோடு வேலை செய்த ஒருவன் ஒரு வீட்டுக் கல்யாணப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து டீக்கடையில் கொட்டிவிட்டான். மறுநாள் சார் அவன் இடுப்பிலிருந்த டெஸ்ட் ஃபோனை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கத்தவில்லை. "ரிசீவர வெச்சதும் கேட்டது செத்துப்போச்சுடா. செத்தத தூக்கிகினு தெருவுல வரலாமா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு ரொம்ப நாள் அவனுக்குப் பள்ளம் தோண்டும் வேலைதான். நான் அதைப் பார்த்துத் திருந்தியவன். என் மனைவிக்கே நான் எதையும் சொன்னதில்லை. அவளுக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓய்வுக்குப் பிறகு செய்த ஒரு வேலையில் அந்தக் கண்டிப்பை நான் மீறினேன். எங்கள் ஊரில் நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்பில், தேவசகாயம் அண்ணன் வீட்டில்.

தேவசகாயம் அண்ணன் நந்திதுர்க் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடும்வரை அதில்தான் இருந்தார். பாறைத் தூசி நெஞ்சில் இறங்கிப்போன ஆள். நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். இழுத்து விடும்போது சன்னமாக ஒரு விசில் வரும். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. கோயிலில், சர்ச்சில், பஸ்ஸில், எங்கேயாவது ஒருத்தர் அப்படி மூச்சு விட்டால் திரும்பிப் பார்க்காமலே இடம் விடுவோம்.

அவர் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பேச முடியாமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "ரத்தினம், இந்தப் பொட்டி வந்ததுல இருந்து சாலமன் பேசலப்பா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாலமன் அவருடைய மகன். பெங்களூரில் வேலையாக இருந்தான். ரோட்டில் அடிபட்டு இறந்து, நாங்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்திருந்தோம். அண்ணனுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"உள்ள வந்து சொல்றேன். பயப்படாத, எனுக்கு ஒண்ணும் ஆவல."

உட்கார்ந்து, விட்டு விட்டுச் சொன்னார். அவர் மனைவி ரெபேக்கா அக்காவுக்கு மகன் சாவதற்கு முன்னாலேயே ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. அடக்கத்துக்கு வந்தார், அழுதார். மறுநாள் காலையில், "சாலமன் ஃபோன் பண்ணானா?" என்று கேட்டார். இவர் நடந்ததைச் சொன்னார். அக்கா முதல்தடவை கேட்பதுபோல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே அழுகை.

"ஒவ்வொரு வாட்டியும் அவளுக்கு அன்னிக்குத்தான் சாவு, ரத்தினம். எத்தினி வாட்டி ஒருத்திய கொல்றது?"

அதனால் சொல்வதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த வழிதான் ஃபோன். அவர்கள் வீடு, சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இரண்டை இடித்து ஒன்றாக்கிய நீள வீடு. முன்னறையில் ஒரு ஃபோன், பின்னறையில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே லைனில் இன்னொரு ஃபோன். முன்னறையில் மெதுவாகப் பேசினால் பின்னறைக்குக் கேட்காது. எக்ஸ்சேஞ்சில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு எண் இருந்தது. அதை டயல் செய்து ரிசீவரை வைத்தால் அந்த வீட்டு மணியே திரும்ப அடிக்கும். மணி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக வைத்தது. நான் எப்போதோ அவர் வீட்டில் வேலை செய்யும்போது அதை டயல் செய்ததைப் பார்த்து மனதில் வைத்திருக்கிறார். சாயங்காலம் முன்னறையிலிருந்து அந்த எண்ணைப் போடுவார். பின்னறையில் மணி அடிக்கும். அக்கா எடுப்பார். இவர் முன்னறை ரிசீவரை எடுத்து, "அம்மா, சாலமன்" என்பார்.

அப்பன் குரலும் மகன் குரலும் ஃபோனில் ஒரே அச்சு. சாலமன் இருந்தபோது சர்ச் ஆட்களே அவனிடம் காணிக்கைக் கணக்கெல்லாம் பேசிவிட்டு, "ஐயோ, நீயாடா" என்பார்களாம். அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வெச்சியா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனியா. பேசி முடித்ததும் நிம்மதியாகக் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

பழைய லைனை நிறுத்திவிட்டுப் பெட்டி மாட்டியதும் அந்த எண் செத்தது. பின்னறை ஃபோனும் செத்தது. அக்கா ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "என் புள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"நான் மறுபடியும் சொல்லணும்னு பாக்குறேன். முடியல. நீ வந்து அத ஒட்டவெச்சுக் குடு."

நான் பையை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினேன். வழியெல்லாம் நின்று நின்று போனோம். இதைச் சரி என்பதா தப்பு என்பதா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. மாசிலாமணி சார் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் யோசித்துக்கொண்டே போனேன்.

வெளி லைனை முதலில் அறுத்து முனைகளுக்கு டேப் சுற்றினேன். பின்னறைக்குப் போகும் வயரைத் தேடித் தகரக் கூரைக்கடியில் ஏறினேன். நடுவில் ஒரு ஜாயின்ட் பச்சைக் களிம்பு பிடித்து, கை வைத்தால் உதிர்கிற நிலையில் இருந்தது. இத்தனை வருஷம் இதன் வழியாகவா பேசினார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். அதை வெட்டி எறிந்துவிட்டுச் செம்பைப் பளபளவென்று சுரண்டிப் புதிதாக முறுக்கினேன். பெட்டியிலிருந்து வயரை இழுத்துச் சேர்த்தேன். அக்காவின் ஃபோனில் பழைய மணி. அந்த மணி அடித்தால்தான் அது ஃபோன் என்று அவருக்குத் தெரியும். அதனால் முன்னறை ஃபோனின் மணியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் தெம்பு முழுவதையும் பின்னறைக்குக் கொடுத்தேன்.

மணியை எப்படி அடிக்கவைப்பது என்பதுதான் சிக்கல். அண்ணனின் மொபைலிலிருந்து வீட்டு எண்ணுக்குப் போட்டுப் பார்த்தோம். மணி அடித்தது. அக்கா எடுத்தார். ஆனால் மொபைலில் பேசினால் சொல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இவர் பதில் சொல்வதற்குள் அக்கா அடுத்ததைக் கேட்டுவிடுவார். இரண்டும் மோதிக்கொள்ளும். "இன்னாடா முழுங்குற? யாராவது பக்கத்துல கீறாங்களா?" என்று அக்கா பயந்துவிட்டார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைக்கச் சொன்னேன்.

பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. மொபைலில் வீட்டு எண்ணைப் போட வேண்டும். பின்னறையில் மணி அடித்து அக்கா எடுத்ததும், அண்ணன் முன்னறை ஃபோனை எடுக்க வேண்டும். அணைத்தால் லைன் அறுந்துவிடும் என்பதால் மொபைலை அணைக்காமல் ம்யூட் பண்ணித் தலையணைக்கடியில் வைத்துவிட வேண்டும். இரண்டு ஃபோனும் ஒரே வயரில் இருப்பதால் பேச்சு பழையபடி உடனுக்குடன் போகும். அண்ணனுக்கு இரண்டு தரம் செய்து காட்டினேன். சுரங்கத்தில் பாறையைத் துளைத்த தடித்த விரலுக்கு அந்தச் சின்னப் பொத்தான் பிடிபட நேரமானது.

சாயங்காலம் நான் பின்னறையில் போய் நின்றுகொண்டேன். லைன் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? மணி அடித்தது. நல்ல கனத்த மணி. அக்கா முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது இந்த வேலைக்கு வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். ரிசீவரிலிருந்து குரல் எனக்கே கேட்டது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. அவ்வளவு சுத்தமான லைனை நான் வேலையில் இருந்தபோதுகூட யாருக்கும் கொடுத்ததில்லை.

அக்கா பேசிக்கொண்டே இருந்தவர், மெதுவாகப் பேச்சைக் குறைத்தார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். "சரிடா, வெச்சிடு" என்று சொல்லி வைத்தார். பிறகு நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"என் புள்ள சுரங்கத்துல எறங்கிட்டான்யா" என்றார்.

"இன்னாக்கா சொல்றீங்க? சாலமன் பெங்களூர்லதான கீறான்?"

"பொய் சொல்றான். மூச்சு கேக்குது. எங்கப்பனுக்கு இந்த மூச்சுதான். எங்கண்ணனுக்கு இந்த மூச்சுதான். இதோ எங்க ஊட்டு மனுசனுக்கும் அதே. எனுக்குத் தெரியாதா?" கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, அவர் துடைக்கவில்லை. "சுரங்கத்து ஷாஃப்ட் பக்கமே போக வாணான்னு அவன் கையில சத்தியம் வாங்கினேன். காதுத் தோட்ட வித்து அவன படிக்க வெச்சேன். எறங்கிட்டான் பாருய்யா. அவனும் இருமி இருமிச் சாவப்போறான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. களிம்பு பிடித்த அந்த ஜாயின்ட்டின் கரகரப்பில் இத்தனை நாளும் அண்ணனின் மூச்சு மறைந்து கிடந்திருக்கிறது. நான் அதைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பின்னறையில் நின்று அவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டும், கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

முன்னறைக்கு வந்தேன். அண்ணன் ரிசீவரை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எப்பிடி? நல்லா கேட்டுச்சில்ல?" என்றார்.

இதைச் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன். மாசிலாமணி சாரின் கணக்குப்படி அதுதான் சரி. காதில் விழுந்தது காதோடு. ஆனால் நான் போய்விட்டால், இவர் தினமும் சந்தோஷமாக ஃபோன் பண்ணுவார். அந்த அம்மா தினமும் மகன் சாகப்போகிறான் என்று உட்கார்ந்து அழும். எதை எதையோ மறக்கிற மனம் அந்த மூச்சை மட்டும் மறக்காது. அதனால் சொன்னேன். வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

"பழைய ஜாயின்ட்ட எடுத்து மறுபடியும் போட்டுடட்டுமாண்ணே? கீழதான் கெடக்குது. கரகரன்னு இருந்தா அவுங்களுக்கு மூச்சு கேக்காது" என்றேன். நல்ல லைனைக் கெடுக்கிறேன் என்று நானே வாயால் சொன்னது என் ஆயுளில் அந்த ஒரு தரம்தான்.

"வாணாம் ரத்தினம். கண்ணு போச்சு, காலு போச்சு, ஞாபகம் போச்சு. காது ஒண்ணுதான் அவளுக்கு நல்லா கீது. அதுக்குப் போயி குப்பையக் கொட்டுவியா?" என்றார். பிறகு, "நான் பாத்துக்குறேன்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு விளங்கவில்லை. சில நாள் கழித்துச் சாயங்காலமாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ஃபோன் பண்ணும் நேரம். கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். மொபைலைத் தலையணைக்கடியில் வைத்தார். ரிசீவரை எடுத்தார்.

"அம்மா, சாலமன்" என்றார். உடனே பேசும் பக்கத்தை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். அந்த விசில் அறை முழுக்கக் கேட்டது, ஆனால் லைனுக்குள் போகவில்லை. பிறகு கையை எடுத்து, "நல்லா கீறேம்மா" என்றார். மறுபடி மூடிக்கொண்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இப்படி. நெற்றியில் வியர்வை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. தன் மூச்சைத் தானே ஒளித்துவைத்துப் பேசும் ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அக்காவின் குரல் ரிசீவரிலிருந்து வழிந்து எனக்கும் கேட்டது.

"இருமல் நின்னுடுச்சாடா?"

"நின்னுடுச்சும்மா."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இனிமே அந்தப் பக்கம் போவாத." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாலமா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. உங்கப்பா வரவர என்னாண்ட பேசுறதே இல்லடா. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல. வருவாரு, கஞ்சி குடுப்பாரு, போயிடுவாரு. ஒரு வார்த்த பேசறதில்ல. நீயாவது கேளு."

அண்ணனின் உள்ளங்கை ஃபோனின் மேல் இருந்தது. அதை எடுக்க அவருக்கு வெகு நேரம் ஆனது.

"சொல்றேம்மா. பேசச் சொல்றேன்" என்றார். வைத்துவிட்டார்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னறைக்கு நடந்தார். நடுவில் நின்றார், நடந்தார், நின்றார். நானும் பின்னாலேயே போனேன். கதவுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. கட்டிலிலிருந்து அக்கா, "யாரு?" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். மகனாகப் பேசியே தீர்ந்துபோன நெஞ்சிலிருந்து மூச்சுதான் வந்தது.

"யாரு அது?" என்று அக்கா மறுபடியும் கேட்டார்.